வாள்வீச்சு: சுவரில் எட்டும் லஞ்ச், ஆளிடம் ஏன் எட்டுவதில்லை?

கேள்வி: ஃபாயில் (முனையால் மட்டும் தொடும் மெல்லிய வாள்) வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தனியாகச் சுவரைப் பார்த்துச் செய்தால் லஞ்ச் (முன்காலை எட்டிவைத்துப் பாயும் தாக்குதல்) நன்றாக வருகிறது. எதிரே ஆள் நின்றால் வாள்முனை ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுகிறது. இன்னும் நெருங்கிப் போனால் நானே குத்து வாங்குகிறேன். என் கால் நீளம் போதவில்லையா?

பதில்: கால் நீளத்தை விடுங்கள். சுவர் நகராது, ஆள் நகர்வார். நீங்கள் பாய்ந்து முன்கால் தரையில் படுவதற்குள் அவர் ஓரடி பின்னே போயிருப்பார்.

முதலில் உங்கள் தூரம் உங்களுக்குத் தெரிய வேண்டும். சுவரில் மார்பு உயரத்தில் ஒரு குறி வையுங்கள். முழு லஞ்சில் வாள் லேசாக வளைந்து அந்தக் குறியைத் தொட வேண்டும். அப்படித் தொட்டபின் ஆன் கார்ட் நிலைக்கு, அதாவது முழங்கால் மடக்கித் தயாராக நிற்கும் நிலைக்குத் திரும்பி, முன்கால் விரல்நுனி இருக்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். அதற்கு அரையடி பின்னால் நின்றாலும் ஒரு அட்வான்ஸ் (முன்னே வைக்கும் அடி) சேர்த்தே ஆக வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது இருவரின் கோடுகளுக்கும் நடுவே 4 மீட்டர். அங்கிருந்தே பாய்வது வீண்.

அந்த ஒரு சாண் குறைவதற்கு என் சந்தேகம் உங்கள் ரிட்ரீட் (பின்னே வைக்கும் அடி) மேல்தான். பின்கால் கொஞ்சமாகப் போகிறது, முன்கால் அதிகமாக இழுபடுகிறது. நாலு தடவை பின்வாங்கினால் இரண்டு காலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய காலில் உந்துவதற்கு விசை ஏது? பக்கவாட்டில் இருந்து கைபேசியில் படம்பிடித்துப் பாருங்கள், பயிற்சியாளர் கத்துவதன் காரணம் புரியும். அடிகளைச் சிறிதாக வைத்து, இரு காலும் ஒரே அளவு நகரட்டும்.

குத்து வாங்குவது வேறு கதை. கையை மடக்கிக்கொண்டே நெருங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஃபாயிலில் கை நீண்டு முனை இலக்கை மிரட்டினால்தான் தாக்குதலுக்கு முன்னுரிமை, அதாவது இருவர் முனையும் பட்டால் புள்ளி தாக்கியவருக்கு. அதனால் கை முதலில், கால் பிறகு. எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆட்டத்தில் மறந்துவிடுவார்கள்.

ஜோடியாக ஒரு பயிற்சி செய்யுங்கள். நண்பர் முன்னும் பின்னும் நடக்கட்டும். நீங்கள் லஞ்ச் தூரத்துக்குச் சற்று வெளியிலேயே, இடைவெளி மாறாமல் தொடருங்கள். அவர் முன்னே வரக் காலைத் தூக்கும் கணத்தில் கையை நீட்டிப் பாயுங்கள். தூக்கிய கால் தரைக்கு வரும்வரை அவரால் பின்வாங்க முடியாது, குறைந்த அந்த ஒரு சாணை அவரே கொண்டுவந்து தருவார். முகமூடியும் அங்கியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.