தெரபியில் சாமியைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. சிறுமியாக இருந்தபோது நெருங்கிய உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். ஊரில் பெரிய பக்திமான். இன்றும் விபூதி வாசனை வந்தால் உடம்பு விறைத்துப்போகிறது. ஆனால் முருகனை விடவும் முடியவில்லை. "எல்லாம் கர்மா, மன்னிச்சிடு" என்கிறார் அம்மா. மூன்று மாதமாகத் தெரபிக்குப் போகிறேன். இதையெல்லாம் அங்கே பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசுங்கள். அந்த வயதில் குழந்தை ராத்திரி சாமியிடம் அழுதிருக்கும். மறுநாளும் அந்த உறவினர் வந்திருப்பார். சாமியோடு அந்தக் கணக்கு தீராமலே கிடக்கும். கோபப்படுவது பாவமோ என்று பயப்படாதீர்கள். பார்வை பறிபோன சுந்தரர் திருவாரூரில் நின்று சிவனையே வைது பாடினார். அந்தப் பதிகத்தையும் தேவாரமாகத்தான் ஓதுகிறோம்.

அம்மா சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பெரியவர் செய்த குற்றத்தைக் குழந்தையின் கணக்கில் எழுதுகிறது அந்தப் பேச்சு. மன்னித்தால்தான் குணமாகும் என்று தெரபியில் விதி கிடையாது. பல வருடம் கழித்து மன்னிக்கத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். காயத்தைத் தொடாமல் பக்தியால் தாண்டிப் போவதை அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட் 1980-களில் 'ஸ்பிரிச்சுவல் பைபாஸிங்' என்றார். நம் பைபாஸ் ரோடுதான். ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், வீடு இருப்பதென்னவோ ஊருக்குள்ளே.

விபூதியை வலிந்து பழக வேண்டாம். வேல், சந்தனம், ஒரு விளக்கு போதும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். உறவுக்காரர்கள் நெற்றியில் பூச வந்தால் "வேண்டாம்" என்று நகருங்கள். உங்கள் உடம்பை யார் தொடலாம் என்று முடிவு செய்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே. எப்போதாவது அந்த வாசனையோடு பழகிப் பார்க்கத் தோன்றினால் தெரபிஸ்ட்டை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக.

தியானம் எல்லாருக்கும் ஒத்துவராது. கண்ணை மூடியதும் பழைய காட்சி ஓடுகிறதென்றால் மூடாதீர்கள். பாதத்தைத் தரையில் அழுத்தி, சுடரைப் பார்த்தபடி மூச்சு விடுங்கள். பிரகாரம் சுற்றுவது இன்னும் நல்லது. உடம்பு நகர்ந்துகொண்டே இருக்கும்.

தெரபிஸ்ட் பரிகாரம் சொன்னாலோ, தன் குருவிடம் அழைத்தாலோ, உங்கள் நம்பிக்கையைக் கேலி செய்தாலோ ஆளை மாற்றுங்கள். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால், எனக்கு எழுதிய இந்தக் கேள்வியையே அடுத்த முறை தெரபிஸ்ட்டிடம் வாசித்துக் காட்டுங்கள்.