இரவில் காரில் அழைத்துப்போவதாகச் சொல்பவரை முதன்முறை சந்திக்கலாமா?

அன்புத் தங்கைக்கு,

டேட்டிங் செயலியில் மூன்று வாரமாகப் பேசிவரும் ஜோகன்னஸ்பர்க் இளைஞர் இந்தச் சனிக்கிழமை டர்பன் வருவதாகவும், இரவு சாட்ஸ்வொர்த்தில் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே காரில் அழைத்துப்போவதாகவும் சொல்கிறார், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சந்திப்பதில் தவறில்லை, இந்த விதமாக வேண்டாம்.

எத்தனை வாரம் பேசினீர்கள் என்பதைவிட, காணொளி அழைப்பில் ஒருமுறையாவது முகம் காட்டினாரா என்பதே முக்கியம். இதுவரை ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தால், அல்லது பயணச் செலவுக்கென்று பணம் கேட்டிருந்தால், சந்திப்புப் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

முகம் காட்டியிருந்தால், பகல் பதினொரு மணிக்கு உம்லாங்காவின் கேட்வே போல ஆள் நடமாட்டம் மிகுந்த வணிக வளாகத்தில் ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதும். அவர் காரில் ஏறாமல், நீங்களே தனியாகப் போய்த் தனியாகத் திரும்புங்கள். வீட்டு முகவரியை இப்போதைக்குத் தர வேண்டாம். அவருடைய படத்தையும் எண்ணையும் அக்காவிடமோ தோழியிடமோ கொடுத்துவிட்டு, நீங்கள் இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் அவர்களுக்குத் தெரியும்படி வைத்திருங்கள். தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் அவசர எண் 10111.

என் அண்ணன் மகள் இப்படிப் பகலில் வரச் சொன்னதுமே, அதுவரை தேனாகப் பேசியவர் சினந்து மறைந்துபோனார். அன்றிரவு அவள் சாப்பிடாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே பகல் சந்திப்பை இன்றே அவரிடம் சொல்லிப்பாருங்கள். என்ன பதில் வருகிறதென்று எனக்கு எழுதுங்கள், அம்மா.