உங்கள் கணவரின் ஜப்பானியப் பேச்சு குறித்து

வணக்கம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட உங்கள் கணவர், ஒசாகாவில் ஓராண்டு இருந்தும், இலக்கணம் நன்கு படித்தும், பேசத் தொடங்கினால் தடுமாறுகிறார் என்றும், எதிரில் இருப்பவர் இடையிடையே 'ஹாய், ஹாய்' (ஆம், ஆம்) என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த 'ஹாய்' சம்மதம் அன்று. கதை கேட்பவர் உம் கொட்டுவதைப் போன்றதுதான். ஜப்பானியர் அதனை 'ஐசுச்சி' என்பர். அவரும் 'ஹாய்', 'சோ தெஸ் நே' (அப்படித்தானே) என்று உம் கொட்டப் பழகட்டும். மௌனமாகக் கேட்பதே மரியாதை என்ற ஆங்கிலப் பழக்கம் அங்கே பேசுபவரைத் தயங்க வைக்கும்.

அடுத்தது, வாக்கியந்தோறும் அவர் சொல்லும் 'வாத்தாஷி வா' (நான்), 'அனாத்தா வா' (நீங்கள்). பெரும்பாலும் இவை தேவையில்லை. நாம் 'சாப்பிட்டாச்சா?' என்று எழுவாய் இல்லாமல் கேட்பதுபோல் அவர்களும் 'மோ தாபேத்தா?' என்றே கேட்பார்கள். 'அனாத்தா' என்பது மனைவி கணவனை அழைக்கும் சொல்லும்கூட. ஆகவே பிறரைப் பெயருடன் 'சன்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழைப்பதே நல்லது.

குறில் நெடிலை மட்டும் நீங்களே அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்; ஆங்கிலச் செவிக்கு அது எளிதில் பிடிபடாது, நமக்கோ அரிச்சுவடியிலேயே வந்துவிடுகிறது. 'பிரு' என்றால் கட்டடம், 'பீரு' என்றால் பீர். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. தினமும் பத்து நிமிடம் இத்தகைய இணைகளை நீங்கள் சொல்ல, அவர் கைதட்டி அளந்து திருப்பிச் சொல்லட்டும்.