வெளிநாடு போகும்போது வழிகாட்டியோடு போகும் ஃபுட் டூர் எடுக்கலாமா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியில் எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. முதல் தடவை வெளிநாடு போகிறோம், அம்மா அப்பாவும் வருகிறார்கள், சாப்பாட்டுச் சுற்றுக்குக் காசு கொடுப்பது தண்டமா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் இவற்றில் ஒன்றாக இருக்கும். அம்மா வெள்ளி செவ்வாயில் கவுச்சி தொடமாட்டார், அப்பாவுக்கு முழங்கால் வலி, மாத்திரை டப்பா கைப்பையிலேயே வரும். இப்படியெல்லாம் நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் வீடு வேறு மாதிரி என்றால் எங்கள் வீட்டுக் கதையாகப் படித்துக்கொள்ளுங்கள்.

தண்டம் இல்லை. ஆனால் எத்தனை பண்டம் தருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தண்டமாகப் போக நிறைய வாய்ப்பு உண்டு. கூட்டிக்கொண்டு போகிற ஆள் யார் என்றுதான் பார்க்க வேண்டும். டூர் இல்லாத நாளிலும் அந்தக் கடைகளில் தன் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவரா, இல்லையா? எனக்கு அது ஒன்றுதான் கணக்கு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று ஒருவர் வருவார் என்று தெரியும். எனக்குக் காரைக்குடி பக்கம் கோட்டையூர். கல்யாணச் சீருக்கும் வெளியூர் ஆர்டருக்கும் பலகாரம் செய்கிறேன். மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம், கந்தரப்பம் எல்லாம் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு முற்றத்தில்தான் நடக்கும். மார்கழி, தை மாதங்களில் வெள்ளைக்காரர்களை வேனில் கூட்டிக்கொண்டு வருவார்கள். அடுப்பையும் எண்ணெய்ச் சட்டியையும் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதாவது, நீங்கள் கேட்கிற ஃபுட் டூரில் வருகிற ஒரு நிறுத்தம் நான். வாங்குகிறவர்கள் எழுதும் விமர்சனம் ஆயிரம் இருக்கும், கரண்டி பிடிக்கிறவர்கள் சொல்வதையும் ஒரு தடவை கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வரும் வழிகாட்டிகளில் ஒருவர் இருக்கிறார். முந்தின நாளே போன் செய்துவிடுவார். "ஆச்சி, நாளைக்கு ஆறு பேர். ஒரு அம்மாவுக்கு நிலக்கடலை ஆகாது, ஒருத்தர் முட்டை தொடமாட்டார். என்ன போடுறீங்க?" என்று கேட்பார். வந்ததும் எல்லாரையும் பட்டாலையில் உட்கார வைத்துவிட்டு, தானும் ஒரு கந்தரப்பத்தை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிப்பார். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து வெல்லமும் தேங்காயும் சேர்த்துச் சுடுவது என்று அவருக்கே தெரியும், என்னைக் கேட்கவேண்டியதில்லை.

இன்னொருவர் வேன் நிறைய ஆளை இறக்குவார். முன்கூட்டிச் சொல்வது கிடையாது. நின்றபடியே, "செட்டிநாடு என்றால் பயங்கரக் காரம்" என்று கையை விரித்து விரித்துச் சொல்வார், அவர்கள் கையில் இருப்பது வெல்லப் பணியாரமாக இருக்கும்! கடித்த பிள்ளை முழிக்கும். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் வாசத்துக்குப் போடுவது, காரத்துக்கு இல்லை. அதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வராது, அவருக்கு நேரம் கிடையாது. கால் மணி நேரத்தில் ஆத்தங்குடி டைல்ஸ் பார்க்க ஓடிவிடுவார்கள், அப்புறம் பழம்பொருள் கடையில் மட்டும் ஒரு மணி நேரம். அங்கே ஏன் அவ்வளவு நேரம் என்று விளக்க வேண்டியதில்லை. தலைக்கு அவர் வாங்குவதில் எனக்கு வருவது பலகாரத்துக்கான விலை மட்டும்தான். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

சரி, நாங்களே மலேசியாவில் பினாங்கில் ஃபுட் டூர் எடுத்த கதைக்கு வருகிறேன். மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா சொன்னதும், திருச்சியில் விமானம் ஏறிவிட்டோம். பினாங்கு, வீட்டுக்காரருடைய ஐயா கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்ய, போன ஊர். பினாங்கு வீதியில் எங்கள் நகரத்தார் ஆட்களின் கோயில் வீடு இன்றைக்கும் இருக்கிறது, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும். அதனால் ஃபுட் டூர் என்று மகள் எடுத்ததுமே வீட்டுக்காரருக்குக் கோபம். "பினாங்கில் நமக்கு வழி காட்ட ஒரு ஆளா? சோறு தின்னக் காசு கொடுத்து ஆள் வைத்த முதல் குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்" என்றார். "அப்பச்சி, ஐயா பார்த்தது வட்டிக்கடையை. சீனன் கடை லக்சா நூடுல்ஸை இல்லை. சும்மா வாங்க" என்று அவள் அப்பாவை அடக்கிவிட்டாள்.

அவள் போனில் காட்டிய பட்டியலில் இரண்டு கொஞ்சம் தேறியது. ஒன்று, மூன்று மணி நேரத்தில் பதினைந்து வகை ருசி. படமெல்லாம் ஆட்கள் சிரித்துக்கொண்டு நிற்பது, தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கடைசி நிறுத்தம் பிஸ்கட் கடை. இன்னொன்றில் பண்டம் குறைவு, விலையும் கொஞ்சம் கூட. ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லை, கடை விடுமுறையாக இருந்தால் வேறு கடைக்கு மாற்றுவோம் என்று எழுதியிருந்தார்கள். பதினைந்து வகை பார்த்ததும் வீட்டுக்காரர் அதையே எடு என்றார், காசுக்குக் கணக்கு வருகிறதாம்.

நான் மகளிடம், இரண்டு பேருக்கும் ஒரே கேள்வியை எழுதச் சொன்னேன். மாட்டுக்கறி, பன்றிக்கறி தொடமாட்டோம். ஒருத்தர் அன்றைக்குச் சைவம். ரொம்ப நேரம் நிற்க முடியாது. என்ன செய்வீர்கள்?

முதல் கம்பெனியில் இருந்து ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: "நோ ப்ராப்ளம்!" அதோடு ஒரு சிரிப்புப் பொம்மை.

இரண்டாவது ஆள் மறுநாள்தான் எழுதினார். பத்தி பத்தியாக. சார் குவே தியாவ் என்கிற வதக்கின அரிசி நூடுல்ஸ் விற்கும் சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம், அதனால் உங்களுக்கு அந்தக் கடை வேண்டாம். ஹொக்கியன் மீ என்கிற நூடுல்ஸ் சூப்பும் வேண்டாம், இறாலோடு பன்றி எலும்பும் போட்டுத்தான் சாறு எடுப்பார்கள். நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு சாப்பிடலாம், ஆனால் குழம்பைக் கலந்து ஊற்றச் சொன்னால் மாட்டுக்கறிக் குழம்பும் சேர்ந்து விழும், நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சைவம் சாப்பிடுகிறவருக்கு ரோஜாக்கும் சம்பலும் கிடையாது, பார்த்தால் பழமும் மிளகாயும்தான், உள்ளே இறால் விழுது இருக்கும். எல்லா இடத்திலும் உட்கார ஸ்டூல் உண்டு.

எதை எடுத்தோம் என்று சொல்ல வேண்டுமா? என் பதிலில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சிக்கலை அப்படியே எழுதி அனுப்புங்கள். "உங்களுக்கு இது கிடைக்காது" என்று தைரியமாகச் சொல்கிறவருக்குத்தான் சட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

வந்தவர் ஒரு சீன அம்மா, என் வயதுதான் இருக்கும். காலையில் சௌராஸ்தா மார்க்கெட் பக்கம் ஆரம்பித்தோம். இடியாப்பமும் தேங்காய்ப்பூவும் கருப்பட்டிச் சீனியும் கொண்டு வந்து வைத்ததும், வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இதற்கு விமானம் ஏறி வரவேண்டுமா என்று வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டார். அடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கருப்பாக ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

புலுட் ஹீத்தாம். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கவுனி அரிசி! பர்மாவுக்குப் போன எங்கள் ஆட்கள் கொண்டுவந்து, இன்றைக்கு வரைக்கும் எங்கள் கல்யாண விருந்தில் இலையில் விழுகிற அதே ஜாதி. நாங்கள் முதல்நாள் இரவே ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைப்போம். தண்ணீரைக் கொட்டினால் நிறம் போய்விடும். குழைந்ததும் சீனி, தேங்காய்த்துருவல், நெய், ஏலக்காய். அங்கே நெய் இல்லை. வாசத்துக்குப் பாண்டான் இலை போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, மேலே கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றுகிறார்கள். அந்தப் பாலில் ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்புதான் வேலையே செய்கிறது, இனிப்புத் திகட்டாமல் இழுத்துக்கொண்டு போகிறது. எத்தனை நாள் கேசரிக்கும் பாயசத்துக்கும் உப்புப் போட்டிருக்கிறேன், கவுனி அரிசிக்குத் தோன்றியதே இல்லை. இப்போது போடுகிறேன். மாமியார் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

நான் கடைக்காரியிடம் எவ்வளவு நேரம் ஊறவைப்பீர்கள் என்று கேட்டேன். நான் தமிழ், மகள் ஆங்கிலம், அந்த அம்மா ஹொக்கியன். மூன்று பேர் வாய் மாறிப் போய், பதில் அதே வழியில் திரும்பி வந்தது. பதினைந்து நிறுத்தம் ஓடுகிற டூராக இருந்தால் இந்தப் பேச்சுக்கு இடம் ஏது? வீட்டுக்காரர் இரண்டாவது கிண்ணம் வாங்கினார், தன் காசில்.

நாசி கண்டார் நம் ஊரில் இருந்து போன தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடி மாதிரித் தோளில் கட்டித் துறைமுகத்துக் கூலி ஆட்களுக்கு விற்றதில் ஆரம்பித்தது என்று அந்த அம்மாதான் சொன்னார். ருசி எனக்குப் புதிதாக இல்லை. அசம் லக்சா புதிது. மீனை வேகவைத்து உதிர்த்துப் புளிக் குழம்பாக்கி, தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, அன்னாசி, வெள்ளரி, புதினா, இஞ்சிப்பூ எல்லாம் பச்சையாகத் தூவுவார்கள். கடைசியில் ஒரு கரண்டி கருப்பு இறால் விழுது. அந்த அம்மா விழுதைத் தனியாக வைத்துக்கொண்டு, முதலில் அது இல்லாமல் ஒரு வாய் குடிக்கச் சொன்னார், அப்புறம் கலக்கச் சொன்னார். வெறும் புளிக்குழம்பாக இருந்தது வேறு ஏதோவாக ஆகிவிட்டது. எங்களில் அன்றைக்குச் சைவமாக இருந்தவரைச் சீனச் சைவக் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே சோயாவில் செய்த கோழி, பார்க்கக் கோழியேதான். தொடவே மாட்டேன் என்றுவிட்டார், காய்கறியும் சோறுமாக எழுந்தார்.

இப்போது ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். ஊருக்கு வந்ததும் சொந்தபந்தம் எல்லாம் "சாப்பிடறதுக்கே அவ்வளவு செலவா?" என்று கேட்டுக் கேட்டு மாய்ந்தார்கள். அதே ஆட்கள் கிளம்பும்போது கொடுத்துவிட்ட பட்டியலைப் பார்க்கவேண்டும். கோடாலித் தைலம் அரை டஜன், மைலோ பெரிய டின், சாக்லேட், இன்னாருக்குக் கைலி. என் பெட்டியில் என் சேலைக்கு இடமில்லை. தைலத்துக்கு ஒருவர் கூடக் காசை நீட்டவில்லை, நானாகக் கேட்டால் கௌரவக் குறைச்சல். பிள்ளை மலேசியாவில் இருந்தால் நாமும் தைலக் கம்பெனி ஏஜெண்ட் என்று நினைப்பு. காரைக்குடியிலேயே அதெல்லாம் கடையில் கிடைக்கிறது ஐயா! கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் பயணச் செலவு என்று பேச்சு வந்தால் இதையும் சேர்த்துத்தானே பேசவேண்டும்.

எல்லா ஊருக்கும் டூர் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் திரிக்க வேண்டாம். சிங்கப்பூருக்கு எனக்குத் தேவைப்படாது. ஹாக்கர் சென்டர் என்கிற சாப்பாட்டுக் கடைக் கூடத்தில் விலைப் பலகை ஆங்கிலத்தில் தொங்கும், உட்கார மேசை உண்டு, லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். பலகையைப் படித்துப் புரிந்துகொள்ளவே முடியாத பாங்காக், வியட்நாமின் சைகோன் மாதிரி இடத்துக்குத்தான் ஆள் வேண்டும். யூடியூப் பார்த்துக்கொண்டு போனால் போதாதா என்பவர்கள் போகலாம், ஆனால் அந்த வீடியோ உங்கள் அம்மாவின் சம்பலில் இறால் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்காது.

டூரை ஊருக்குப் போன முதல் நாளோ மறுநாளோ வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த கடைக்கு நீங்களாகத் திரும்பப் போகலாம், கிளம்புகிற அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்? சாப்பாட்டு விலை கட்டணத்தில் சேர்த்தியா என்று கேளுங்கள். இலவச டூர் என்று போட்டிருந்தால் கடைசியில் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், நியாயமாகக் கொடுத்துவிடுங்கள். விமர்சனத்தில் "கைடு ரொம்ப ஜாலி" என்பதைத் தள்ளிவிட்டு, என்ன சாப்பிட்டார்கள் என்று பேர் சொல்லி எழுதியிருப்பதை மட்டும் படியுங்கள். ஹோட்டலில் காலைச் சாப்பாடு இலவசம் என்று அப்பா அன்றைக்கும் இறங்கிவிடுவார், தடுத்து வையுங்கள்.

அந்தச் சீன அம்மாவின் நம்பரைக் கேட்டுப் பின்னூட்டம் போடாதீர்கள். அவரைக் கேட்காமல் பொதுவில் கொடுக்க முடியாது. தனிச் செய்தியில் பயணத் தேதியும் வீட்டில் யார் யார் எதைத் தொடமாட்டார்கள் என்றும் எழுதுங்கள், மகளை விட்டு அவரிடம் விசாரிக்கச் சொல்கிறேன். கோலாலம்பூருக்கு எனக்கு யாரையும் தெரியாது.