சாக்கெட் ஒன்றுதான், ஆனால் ஓடுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 2016-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். எச்110 மதர்போர்டு, பென்டியம் ஜி4400 பிராசசர், 4 ஜிபி ராம், சாதா ஹார்டு டிஸ்க். பியூசி படிக்கும் மகள் "ரொம்ப ஸ்லோ" என்கிறாள். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் பழைய ஐ5-8400 பிராசசரைக் காட்டி, "உங்களுடையதும் 1151, இதுவும் 1151, அப்படியே உட்காரும்" என்கிறார். எங்கள் பென்டியத்தைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உட்காரும் என்பது உண்மைதான், ஆனால் ஓடாது.

1151 என்பது சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில், உள்ள பின்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். இன்டெல் அதே எண்ணிக்கையை இரண்டு முறை பயன்படுத்தியது. 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையும் அடுத்து வந்த 7-ஆம் தலைமுறையும் எச்110, பி150, பி250 மாதிரியான 100, 200 வரிசை போர்டுகளுக்கு. 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறைக்கு எச்310, பி360 போன்ற 300 வரிசை போர்டு வேண்டும். மின்சாரம் வாங்கும் பின்கள் 128-லிருந்து 146 ஆயின. சும்மா இருந்த சில பின்களுக்கு வேலை வந்தது. அதனால் 8400-ஐ உங்கள் போர்டில் வைத்தால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பயாஸை, அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் போர்டின் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. குழந்தை படிக்கிற கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சரி, எது ஓடும்? முதலில் போர்டின் முழுப் பெயர் தெரிய வேண்டும். வெறும் எச்110 போதாது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் ராம் ஸ்லாட்டுக்கும் கார்டு ஸ்லாட்டுக்கும் இடையில் எங்காவது பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். ஓரத்தில் ரிவிஷன் எண் இருந்தால் அதையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் வந்திருந்தால் பட்டியலும் இரண்டாக இருக்கும். அந்தப் பெயரை வைத்து, போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலை, அதாவது அந்தப் போர்டில் ஓடும் பிராசசர்களின் பட்டியலைத் திறங்கள். பிராசசர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதே வரிசையில், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று இருக்கும். அதுதான் முக்கியம். உங்களிடம் இப்போது உள்ள பதிப்பை விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் காணலாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இதே மாதிரி ஒரு போர்டுக்கு 7-ஆம் தலைமுறை சிப் வாங்கினேன். பழையதைக் கடையிலேயே கழித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் கறுப்புத் திரை. பயாஸைப் புதுப்பிக்கப் பழைய சிப் வேண்டும், அது அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. ஆகவே உங்கள் பென்டியத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். 7-ஆம் தலைமுறைதான் வேண்டுமென்றால், பென்டியம் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். பாதியில் கரன்ட் போனால் போர்டே போய்விடலாம், யுபிஎஸ் கட்டாயம். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஐ5-6500 பாருங்கள். அது பென்டியத்தின் தலைமுறையே. 2 கோருக்கு 4 கோர்.

கடையில் சிப்பின் உலோக மூடியைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். மாடல் எண் தெளிவாக இருக்க வேண்டும். "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று இருந்தால் அது சோதனைக்குத் தயாரித்த சிப், தொடாதீர்கள். பில்லில் மாடலையும், ஓடாவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: உங்கள் காசு முதலில் போக வேண்டிய இடம் பிராசசர் அல்ல. மகள் வேலை செய்யும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ராமும் போடுங்கள். எச்110 போர்டுகளில் டிடிஆர்3 வகையும் உண்டு, டிடிஆர்4 வகையும் உண்டு. பழைய ராமைக் கையோடு கொண்டுபோங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ 6, 7-ஆம் தலைமுறை டெஸ்க்டாப்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. இந்தப் போர்டில் பெரிய தொகை போடாதீர்கள்.

கேள்வி: ஜாலஹள்ளியிலிருந்து எழுதுகிறேன். ஏ320 போர்டில் பழைய ஏஎம்டி ஏ வரிசை சிப் ஓடுகிறது. ரைசன் 5 5600 போடலாமா?

பதில்: போடலாம், உங்கள் போர்டுக்குக் கம்பெனி அதற்கான பயாஸ் வெளியிட்டிருந்தால். 300 வரிசை போர்டுகளுக்கு 5000 வரிசையை ஏஎம்டி 2022-இல் அனுமதித்தது. ஒரு எச்சரிக்கை: சில போர்டுகளில் புதிய பயாஸ் ஏற்றியதும் ஏ வரிசைக்கான ஆதரவு போய்விடும், பழைய சிப் மறுபடி எழும்பாது. பதிப்பின் குறிப்பை வாசித்துவிட்டு, 5600 கையில் வந்தபிறகே ஏற்றுங்கள். இதில் பின்கள் சிப்பின் அடியில் இருக்கும். வாங்கும்போது பக்கவாட்டில் டார்ச் அடித்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.