அகச்சிவப்பு வெளிச்சத்தால கிருமியிட வகையை எப்பிடிப் பிரிக்கிறது?
கிளிநொச்சியில ஒரு கலியாண வீட்டில சாப்பிட்ட ஆக்களுக்கும் முல்லைத்தீவில கடையில சாப்பிட்ட ஆக்களுக்கும் சல்மொனெல்லா (சாப்பாட்டால வயித்தோட்டம் குடுக்கிற ஒரு கிருமி) வந்தா, ரெண்டும் ஒரே கிருமியோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது எண்டு கேட்டிருந்தீங்கள். ஆய்வுகூடத்தில கிருமி வளர்க்கிற தட்டில ஒரு இரவு வளர்ந்த கிருமியை வளையக் கம்பியால கொஞ்சம் வழிச்சு, கரைச்சு, ஒரு துளியைக் காயவிட்டு அகச்சிவப்புக் கதிரை விடுவினம், எந்த அலையை அது எவ்வளவு உறிஞ்சுது எண்டதைக் கருவி ஒரு கோடாக் கீறிக் காட்டும். கிருமியிட மேற்பரப்பில இருக்கிற சர்க்கரைச் சங்கிலியள் வகைக்கு வகை வேற, அதால சென்ரிமீற்றருக்கு 900க்கும் 1200க்கும் இடைப்பட்ட அலையெண்ணில (ஒரு சென்ரிமீற்றரில எத்தினை அலை எண்ட கணக்கு) வாற கோட்டிட மேடுபள்ளம் மாறும், ஆனா எங்கட கண்ணுக்கு எல்லாம் ஒண்டு மாதிரித்தான் கிடக்கும். அதுக்குத்தான் மெஷின் லேர்னிங், அதாவது உதாரணங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கிறது, வகை தெரிஞ்ச கிருமியளின்ர கோடுகளைக் காட்டிப் பழக்கினா புதுசை அது இனங்காணும். ஆனா கவனம், வளர்க்கிற ஊடகமோ (தட்டில கிருமிக்குக் குடுக்கிற சாப்பாடு) நேரமோ மாறினாலே கோடும் மாறிப்போம், பழக்காத வகை வந்தா பிழையாவும் சொல்லும், அதால முக்கியமான கேஸ் எண்டா மரபணு வரிசையையும் கட்டாயம் பாக்கவேணும்.