பிராம்ஸின் நான்காம் சிம்பொனி: கடைசிப் பகுதியில் கவனம் நழுவினால்

வணக்கம். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் பெரிய இசைக்குழுவுக்காக எழுதிய நான்காம் சிம்பொனியில் முதல் மூன்று பகுதிகளும் பிடித்திருக்கின்றன, கடைசிப் பகுதி மட்டும் துண்டு துண்டாகக் கேட்கிறது, இரண்டு நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. அது துண்டுகளைக் கோத்துக் கட்டியதுதான்.

தொடக்கத்தில் காற்றுக் கருவிகள் எட்டு சுரங்களை ஊதும். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு சுரம். அவருக்கு முந்தைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் 150ஆம் கன்டாட்டாவில் (பாடகர்களும் கருவிகளும் சேர்ந்து இசைக்கும் படைப்பு) அடியில் ஓடும் கீழ்ஸ்தாயி மெட்டைப் பிராம்ஸ் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டார். அதே எட்டும் அப்புறம் 30 முறை உருமாறி வருகின்றன. அதுவரை மூன்று பகுதிகளாக வாய் திறக்காத டிராம்போன்கள் (பித்தளை ஊதுகருவிகள்) இங்கேதான் முதன்முதலாகச் சேர்கின்றன.

முதல் நாள் தொடையில் விரல் தட்டி அந்த எட்டை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் விட்டுவிட்டு, புல்லாங்குழலுக்காகக் காத்திருங்கள். எல்லாம் அடங்கியபின் அது தனியாக, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசுவதுபோல் வரும். எனக்கு இந்த சிம்பொனியிலேயே அந்த இடம்தான் உயிர். அடுத்து டிராம்போன்கள் பிரார்த்தனைபோல் மெதுவாக ஊதும். உடனே பழைய எட்டும் இடியாகத் திரும்பும். அங்கே பிடித்துக்கொண்டால் முடிவுவரை உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

இசைக்குழு நடத்துநர் கார்லோஸ் கிளைபர் 1980இல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் செய்த பதிவைக் கேளுங்கள். புல்லாங்குழல் வந்ததா என்று இங்கே வந்து சொல்லுங்கள்.